ஏழாம் கூற்று

மே மாதக் கடைசி. ஆல்கொய் மலையடியில்
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
இடுப்பளவு நிற்கும் புல்லை
ஏழு மணிக்கு வெட்டியாக வேண்டும் வால்புர்கா.
அதற்குள் பார்த்துவிட வேண்டும்.
வெயில் ஏறிவிட்டால்
கல்லும் காய்ந்து உயிராகிவிடும், திரையில்.

கோர்பினியான் ட்ரோனை ஏவுகிறான்.
பத்தொன்பது வயது, வாயில் பாதி ரொட்டி.
அதன் வயிற்றில் தொங்கும் அகச்சிவப்புக் கண்ணில்
நகத்தளவுச் சில்லு ஒன்று என்னுடையது.
என்னுடையது என்றால்,
காப்புரிமைப் பத்திரத்தில் ஏழாம் கூற்று மட்டும்.
மற்றவை
ஓய்வுபெற்றுப் படகு வாங்கிய இருவருக்கு.

ஏழாம் கூற்று சொல்வது இது:
பிக்சல்கள் ஒன்றுபோல் பிறப்பதில்லை.
ஒன்று குளிரைச் சூடென்று சாதிக்கும்.
ஒன்று எதற்கும் வாய் திறக்காது.
ஆகவே மூன்று நிமிடத்துக்கொரு முறை
ஒரு தகடு வந்து கண்ணை மூடட்டும்.
மூடிய கண்
தன் கோணலைத் தானே கணக்கெடுக்கட்டும்.
திறந்தபின், வயலெங்கும் பொதுவாய் இருப்பதைக்
கழித்துவிட்டு
மிச்சத்தை மட்டும் காட்டட்டும்.

இதை முதலில் வாங்கியவர்கள்
புல் வெட்டுகிறவர்கள் அல்லர்.
அதைப் பற்றி எங்கள் அலுவலக உணவறையில்
யாரும் பேசுவதில்லை.

டக்.
கண் மூடித் திறக்கிறது.
பதினான்கு வெள்ளைப் புள்ளிகள்.
எலி வளை, எலி வளை, நேற்றைய வெப்பம் விடாத பாறை,
யாருடையதோ பூனை ஒன்று, எங்களைப் பார்த்தபடி.
பன்னிரண்டாவது
மூக்கை வயிற்றில் செருகிய ஒரு சுருள்.
"அதுதான்" என்கிறான், ரொட்டியோடு.

மான்மறி ஓடாது.
ஓடக் கற்குமுன் கிடக்கக் கற்றது அது.
நரிக்கு முன்னால் அது நல்ல கல்வி.
ஒன்பது மீட்டர் அகலத்தில் பற்கள் வரும்போது
கிடப்பது கல்வியில்லை.

வால்புர்கா கையுறைமேல் புல்லை அள்ளிப் பிடித்து,
தன் வாசம் ஒட்டாமல் தூக்கி,
வேலியோரம் வைத்து
ஆப்பிள் கூடையைக் கவிழ்க்கிறாள்.
கூடைக்குள்ளிருந்து
கதவுக் கீல்போல ஒரு சத்தம்.

திரும்பி வரும்போது
என் பூட்ஸ்தான் கண்டுபிடித்தது இன்னொன்றை.
அதே பருக்கைப் புள்ளிகள், அதே சுருள்.
பிணைமான் இரட்டையாய் ஈனும் என்பது
எனக்குத் தெரியாது. வால்புர்காவுக்குத் தெரியும்.
"ராத்திரி மழையில் போயிருக்கும்" என்றாள்.

கோர்பினியானை அழைத்தேன்.
ட்ரோன் நேர் மேலே வந்து நின்றது.
திரையில் அவளும் நானும்
இரண்டு வெண்தழல்கள்.
எங்களுக்கு நடுவே
புல்.
பதினோரு டிகிரியில் புல்,
பதினோரு டிகிரியில் அது.
டக் என்று மூடித் திறந்தது.
மறுபடியும் புல்.

கோளாறு எதுவுமில்லை.
எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்தது.
பொதுவாய் இருப்பதைக் கழி என்றேன்,
கழித்தது.
ஒன்பது வருடம் உழைத்து
நான் சமன்செய்யக் கற்றுக்கொடுத்ததை
மழை ஒரே ராத்திரியில் செய்திருந்தது.

"இதைக் காட்டுகிற மாதிரி
மாற்ற முடியாதா?" என்று கேட்டாள்.
என்னிடம் பதில் இருந்தது.
வேறொரு அலைநீளம், வேறொரு சில்லு,
நான்கு மடங்கு விலை.
கூடைக்குள் கீல் மறுபடி கிறீச்சிட்டது.
நான் பதிலைச் சொல்லவில்லை.

படிவத்தில் கோர்பினியான் எழுதினான்:
கண்டறிந்தவை, ஒன்று.
வால்புர்கா பென்சிலை வாங்கி
எச்சில் தொட்டு அழித்து
இரண்டு என்றாக்கினாள்.
தாள் அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்தது.

ஏழு மணிக்கு டிராக்டர் கிளம்பியது.
மத்தியானம் வெட்டி முடித்த வயலில்
ஒரு கட்டில் அளவுக்குப் புல்
வெட்டாமல் நின்றுகொண்டிருந்தது,
காற்றில் தனியாக.
மேலிருந்து பார்த்தால்
அது மட்டும் தெரிந்திருக்கும்.